ஆடிக் காற்றில் ஐந்து நாள்: தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல், வத்தல்மலை

ஆடி 1, புதன், தருமபுரி

இன்று சைக்கிளைத் தொடவில்லை. தேங்காய் சுட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடி முதல் நாள் சேலம், தருமபுரி பக்கம் தேங்காய் சுடும் நோன்பு. தேங்காயின் நாரை எல்லாம் எடுத்து, ஓட்டைத் தரையில் உரசி வழவழப்பாக்கி, கண்ணைத் துளைத்துப் பாதித் தண்ணீரை வெளியே விட்டு, அந்த ஓட்டை வழியாகவே வெல்லம், பாசிப்பருப்பு, எள், அவல், பொட்டுக்கடலை எல்லாவற்றையும் உள்ளே அடைக்க வேண்டும். பிறகு மஞ்சள் பூசிய அழிஞ்சிக் குச்சியைச் சொருகி நெருப்பில் காட்டுவது. ஓடு கருகி 'டப்' என்று விரிசல் விட்டால் வெந்தது என்று அர்த்தம். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், உள்ளே வெல்லப்பாகும் பருப்பும் தேங்காய்ப் பாலும் ஒன்றாகக் கலந்து குழைந்திருக்கும்.

என் பெண் இரண்டு தேங்காய் சுட்டாள். ஒன்றை நான் பத்தையாக அரிந்து டப்பாவில் போட்டுக்கொண்டேன். கடையில் விற்கும் எனர்ஜி ஜெல் (ஓட்டும்போது உறிஞ்சிக்கொள்ளும் சர்க்கரைக் கூழ்) ஒரு பாக்கெட்டின் விலையில் தேங்காயே வாங்கிவிடலாம். இதிலும் அதே சர்க்கரைதான், கூடவே கொழுப்பு. மேடு ஏறும்போது கொழுப்பு சீக்கிரம் செரிக்காது என்பது தெரியும். சமதரையில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

திட்டம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை தருமபுரிப் பக்கத்து வத்தல்மலையில் எங்கள் சைக்கிள் ஆட்களுக்குள் ஏறுபோட்டி. பெயர், பேனர், மெடல் எதுவும் கிடையாது. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், சேலத்திலிருந்து பதினைந்து பேர் அடிவாரத்தில் கூடுவோம். நிமிடத்துக்கு ஒருவராகக் கிளம்பி மேலே போய்ச் சேரும் நேரத்தை போனில் குறிப்போம். போன முறை எனக்கு 58 நிமிடம் ஆனது, அதிலும் இரண்டு வளைவில் இறங்கித் தள்ளினேன். இந்த முறை தள்ளக் கூடாது.

புத்தியுள்ளவர்கள் போட்டிக்கு முந்தைய வாரம் ஓய்வெடுப்பார்கள். நான் மருந்துக்கடை நடத்துபவள், கடையை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டதே இந்த நாலு நாளைக்குத்தான். ஓய்வெடுத்து வீணாக்க மனசு வரவில்லை. பாலக்கோடு, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல், பென்னாகரம் என்று ஒரு வட்டம். கூட வருவது பக்கத்துத் தெரு தம்பி, கல்லூரி மூன்றாம் ஆண்டு, 54 கிலோ. "அக்கா, என் பேரைப் போட்றாதீங்க, வீட்ல ஃப்ரெண்ட் வீட்டுக்குன்னு சொல்லிருக்கேன்" என்றான். போடவில்லை.

வண்டியில் ஒரு குறை. முன்னால் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல். பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி இரண்டரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டர். வத்தல்மலைச் செங்குத்தில் அந்த வேகம் என் காலுக்குக் கட்டுப்படியாகாது. சுற்று 45-க்கு இறங்கிவிடும், அப்புறம் மிதிப்பது போய்ப் படியேறுவதுபோல் ஆகிவிடும். பின்னால் 34 பல் போட்டால் இதே சரிவில் சுற்று குறையாமல் மெதுவாக ஏறலாம். அதற்கு நீள டீரெய்லர் (செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் மாற்றிப் போடும் கருவி) வேண்டும். ஆர்டர் போட்டு மூன்று வாரமாகிறது, 'வந்துகொண்டிருக்கிறது' என்றே காட்டுகிறது. நடந்து வந்திருந்தால்கூட வந்திருக்கும்.

ஆனால் பிரான்ஸின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில் 1937 வரை டீரெய்லருக்கே அனுமதி இல்லை. மலை வந்ததும் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். 28 பல்லே பெரிய வரம் என்று இன்றிரவு தூங்கப் போகிறேன்.

ஆடி 2, வியாழன், தேன்கனிக்கோட்டை

காலை 5:20-க்குக் கிளம்பினோம். சேலம் பக்கம் தொப்பூர் மேடு இருக்கும்போது ஏன் அங்கே பயிற்சி எடுப்பதில்லை என்று கேட்பவர்கள், ஒருமுறை அங்கே பிரேக் பிடிக்காத லாரிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

பாலக்கோடு வரை பேசிக்கொண்டே போனோம். அதற்கப்புறம் காற்று பிடித்துக்கொண்டது. ஆடிக் காற்றைப் பற்றி அம்மி, உரல் என்று பழமொழி சொல்கிறோமே, அம்மிக்கு அது ஒரு தடவைதான். மேற்கே போகிற சைக்கிள்காரருக்கு நாள் முழுக்க. சமதரையில் மணிக்கு 28 கிலோமீட்டரில் போகிற நான் 17-ல் போய்க்கொண்டிருந்தேன். தம்பி என் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒட்டிக்கொண்டான். முன்னால் போகிறவர் காற்றை உடைத்தால் பின்னால் வருபவருக்கு உழைப்பு நன்றாகவே குறையும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். இவனுக்குக் கடிகாரம் பார்க்கும் பழக்கம் குறைவு.

பாலக்கோட்டுச் சந்தையிலிருந்து தக்காளிப் பெட்டி ஏற்றிய மினி லாரிகள் எங்களைத் தாண்டிக்கொண்டே இருந்தன. ஒன்றிலிருந்து ஒரு தக்காளி விழுந்து என் ஹெல்மெட்டில் பட்டது. பழுத்ததுதான்.

ராயக்கோட்டையில் டீ. ஊருக்கு மேலே கோட்டை மலை மொட்டைப் பாறையாக நிற்கிறது. 1791-ல் மூன்றாம் மைசூர்ப் போரில் திப்புவிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. இதற்காக ஏன் சண்டை போட்டார்கள் என்பது சைக்கிளில் வந்தால் காலுக்கே புரிகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லாம் கீழே இருக்கும் பாரமகால் சமவெளி. ஓசூர், தேன்கனிக்கோட்டை மேலே இருக்கும் மேட்டுநிலம். இரண்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 400 மீட்டர். ராயக்கோட்டை அந்தப் படிக்கட்டில் நிற்கிறது, ஏறுகிறவர் யாராக இருந்தாலும் மேலே இருப்பவர் கண்ணுக்குத் தெரிவார். எங்களைப் பார்த்தது ஒரு நாய்தான். அரை கிலோமீட்டர் கூடவே ஓடி வந்தது. பயிற்சித் திட்டத்தில் எழுதியிருந்த 'இன்டர்வல்' (கொஞ்ச நேரம் முழு வேகத்தில் மிதிப்பது) அத்துடன் முடிந்தது.

கெலமங்கலம் தாண்டியதும் மண் சிவப்பு, காற்றில் குளிர். டீக்கடையில் முதலில் தெலுங்கில் கேட்டார், பிறகு கன்னடத்தில், மூன்றாவதாகத் தமிழில். மூன்றிலும் ஒரே கேள்விதான்: "கியர் வண்டியா? எவ்வளவு?" இதற்கு உண்மை விலை சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டு பல வருடமாகிறது. "செகண்ட் ஹேண்டுங்க" என்றால் போதும், மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

இரவு தேன்கனிக்கோட்டையில் சின்னம்மா வீடு. களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். தம்பி மூன்று உருண்டை. சின்னம்மா என் ஷார்ட்ஸைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒரு நைட்டி எடுத்துக் கொடுத்தார்.

ஆடி 3, வெள்ளி, ஒகேனக்கல்

இன்று எழுத நிறைய இருக்கிறது. விரல்தான் வலிக்கிறது, ஏன் என்று சொல்கிறேன்.

அஞ்செட்டிக்கு இறங்கும் மலைப்பாதையை வெளிச்சம் நன்றாக வந்த பிறகே தொடங்கினோம். யானைக் காடு. ரோட்டோரத்தில் மூங்கில் முறிந்து கிடந்தது, நடுரோட்டில் யானை லத்தி. தம்பி இறங்கிப் போய்ப் பார்த்தான். "காஞ்சிருக்குக்கா" என்றான். மேலே காய்ந்திருந்தால் உள்ளேயும் காய்ந்திருக்கும் என்று யார் சொன்னது? பின்னால் ஒரு பஸ் வரும்வரை நின்றோம். அது முன்னால் போக, அதன் ஹாரனை நம்பி இறங்கினோம்.

ஏறத் தெரிந்த எனக்கு இறங்கத் தெரியாது. ஏறுவதில் பயம் இல்லை, கஷ்டம் மட்டும்தான். இறங்குவதில் இரண்டும் உண்டு. என் வண்டி ரிம் பிரேக், சக்கர விளிம்பையே கட்டைகள் கவ்விப் பிடிக்கும். தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி, உள்ளே ட்யூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிட வேண்டும். கண் போகிற இடத்துக்கு வண்டி போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே போகும். இதெல்லாம் தெரியும், ஆனால் விரல் கேட்பதில்லை. மொத்த இறக்கமும் பிரேக்கைக் கவ்விக்கொண்டே வந்தது. அதுதான் இந்த வலி.

நாட்றாம்பாளையம் தாண்டிப் பஞ்சர். முள். தம்பி வேகமாக ஸ்பேர் ட்யூபை எடுத்தான். வால்வு ரிம்முக்கு வெளியே தலைகாட்டவே இல்லை, குட்டை வால்வு. என் ரிம் உயரமானது, 60 மில்லிமீட்டர் வால்வு வேண்டும். கடையில் எடுத்துக் கொடுத்ததைப் பிரித்துப் பார்க்காமல் பையில் போட்டது என் தப்பு. மாத்திரை அட்டையில் காலாவதி தேதியைத் தினம் இருநூறு முறை பார்க்கிறவள் நான்.

இனி ஒட்டுதான். ஓட்டையைக் கண்டுபிடித்து உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்து ஒட்டினேன். முதலில் டயருக்குள் இருக்கும் முள்ளை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஐந்து நிமிடத்தில் திரும்பவும் பஞ்சர். கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவினால் குத்தும், சில சமயம் அதுவும் தெரியாது. என்னிடம் பஞ்சு இருந்தது. ஒரு துணுக்கைப் பிய்த்து டயரின் உள்பக்கம் மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் நூல் மாட்டி நின்றது. அங்கேதான், கடுகளவு சீமைக்கருவேல முள் நுனி. மூக்குமுடி பிடுங்கும் குட்டி இடுக்கியால் எடுத்தேன். "அக்கா, இதுக்காகவே பி.ஃபார்ம் படிக்கலாம்" என்றான்.

ஒட்டுப் போடக் கற்றது பதினொன்றாம் வகுப்பில். 2005-ல் அரசு கொடுத்த இலவச சைக்கிள். அதற்கு முன் பள்ளிக்கூடத்துக்கு நடைதான், பஸ்ஸை விட்டால் அன்றைக்கு முதல் பீரியட் போச்சு. ஊரில் அந்த வருடம் எங்கள் வகுப்புப் பெண்கள் ஆறு பேர் வரிசையாகச் சைக்கிளில் போனால் டீக்கடை பெஞ்சு மொத்தமும் திரும்பும். பஞ்சர் ஒட்ட ஆள் வைத்துக்கொள்ளக் காசு இல்லை, கற்றுக்கொண்டோம். அந்த வண்டிக்கு கியர் இல்லை, வால்வு பிரச்சினையும் இல்லை.

மதியம் இரண்டுக்கு ஒகேனக்கல். காவிரி செம்மண் நிறத்தில் பொங்கிக்கொண்டு போகிறது. கர்நாடகத்தில் மழை. மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்துக் கணக்கு ஏறிக்கொண்டே போவதாகப் பேசிக்கொண்டார்கள். பரிசல் நிறுத்திவிட்டார்கள். கவிழ்த்துப் போட்ட பரிசல்களுக்கு அடியில் நாய்கள் தூங்குகின்றன. அருவி சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

இங்கே எண்ணெய் மசாஜ் பிரசித்தம். தம்பி ஒரு பலகையில் படுத்துவிட்டான். மசாஜ்காரர் அவன் ஆடுதசையைத் தட்டிப் பார்த்து "இன்னாபா, கல்லு மாதிரி கீது" என்றார். என் தொடையும் அதே கல்தான், ஆனால் பெண்களுக்கு இந்தப் பலகையில் இடமில்லை. மீன் சமைத்துத் தரும் அக்காவிடம் இந்தக் கோபத்தைச் சொன்னேன். அவர் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் காய்ச்சிக் கொடுத்து, "உள்ள போயி நீயே தேச்சுக்கோ கண்ணு, மீனு ஆவறதுக்குள்ள வந்துரு" என்றார். கட்லா வறுவல், சோறு, குழம்பு. குழம்பில் புளி அதிகம், எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

ஆடி 4, சனி, தருமபுரி

ஒகேனக்கல்லிலிருந்து தருமபுரி 46 கிலோமீட்டர். பென்னாகரம் வரை ஏற்றம். வத்தல்மலைக்கு இது நல்ல ஒத்திகை என்று வேகமாகத் தொடங்கினேன். எப்போதும் செய்கிற தப்பு. அடியில் கால் புதிதாக இருக்கும், மூச்சும் வாங்காது, நாம் பெரிய ஆள் என்று தோன்றும். முதல் பத்து நிமிடத்தில் அள்ளிச் செலவழித்ததை கடைசி இருபது நிமிடம் வட்டியோடு கட்ட வேண்டும். மூன்றாவது கிலோமீட்டரில் இதயத்துடிப்பு 176. தம்பி பேசிக்கொண்டே தாண்டிப் போனான். பேச முடிகிறது என்றால் அளவோடு போகிறான் என்று அர்த்தம். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பென்னாகரத்திலிருந்து நேராக வராமல் பாப்பாரப்பட்டி வழியாக வந்தோம். சுப்பிரமணிய சிவா நினைவிடத்தில் ஐந்து நிமிடம். வரும் 23-ஆம் தேதி அவர் நினைவு நாள், இறந்தது 1925. சிறையில் தொழுநோய் பிடித்து, அதையே காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்டான். அந்தக் காலை வைத்துக்கொண்டு நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த அம்மா "ஷூவக் கழட்டிட்டு வாம்மா" என்றார். பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் ஷூவில் டக் டக்கென்று நடந்தது எனக்கே கூச்சமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்கு போன். பாலக்கோட்டில் அவனை அவன் மாமா பார்த்திருக்கிறார். அப்புறம் நடந்தது அவன் வீட்டு விஷயம். நாளைக்கு வர அனுமதி கிடைத்துவிட்டது, "அந்த மருந்துக்கடை அக்கா கூடன்னா சரி" என்றார்களாம். என்மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று கொஞ்சம் பயமாக இருக்கிறது.

ஆடி 5, ஞாயிறு, வத்தல்மலை

காலை ஆறு மணிக்கு அடிவாரம். பதினைந்து பேர் என்றோம், பதினொருவர் வந்தார்கள். ஓசூர்க்காரர்கள் இருவர் எடை குறைந்த கார்பன் வண்டி. சேலத்துக்காரர் ஒருவர் தினமும் ஏற்காடு போகிறவர், இருபது கொண்டை ஊசி வளைவையும் எண் சொல்லி விவரிப்பார். ஏற்காட்டில் வளைவுக்கு வளைவு எண் பலகை உண்டு, மனசு அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். வத்தல்மலையில் வளைவுகள் இருபதுக்கு மேல், நான் ஒருமுறைகூடச் சரியாக எண்ணி முடித்ததில்லை. மூச்சு வாங்கும்போது ஏழுக்கு அப்புறம் எட்டு வருவதில்லை.

நான் நாலாவதாகக் கிளம்பினேன். நேற்றுப் பட்ட பாட்டில் மெதுவாகத் தொடங்க வேண்டும் என்று தீர்மானம். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தீர்மானத்துக்கு வேலையே இருக்கவில்லை. வேகமாகப் போக நினைத்தாலும் கால் வரவில்லை. மூன்று நாள் களைப்பு தொடையில் உட்கார்ந்திருந்தது. வழக்கமாக மூன்றாவது வளைவிலேயே 178-ஐத் தொடும் துடிப்பு இன்று 160-ஐத் தாண்ட மறுத்தது. களைத்த உடம்பில் துடிப்பு சீக்கிரம் ஏறாது. எனக்கு அடுத்துக் கிளம்பியவர் இரண்டாவது வளைவிலேயே என்னைத் தாண்டினார். அடுத்தவரும். சரி, போங்கள்.

பாதி மலையில் செங்குத்து தொடங்கியது. இங்கேதான் போன முறை இறங்கினேன். வளைவின் உள்பக்கம் சுவர் மாதிரி இருக்கும், வெளிப்பக்கம் தூரம் கொஞ்சம் கூடுதல், சரிவு குறைவு. எதிரே வண்டி வராத இடங்களில் மட்டும் வெளிப்பக்கம் பிடித்தேன். சுற்று 48. பெடலை அழுத்தும்போது முன்சக்கரம் லேசாகத் தூக்குகிறது. நெஞ்சைக் குனித்து ஹேண்டில்பார் மேல் எடையைப் போட்டேன். மூக்கு நுனியிலிருந்து வியர்வை வரிசையாகக் கம்பி மேல் சொட்டுகிறது. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு மிதி. வேறு எதுவும் மனசில் இல்லை.

பின்னால் ஒரு சத்தம். டிவிஎஸ் எக்ஸ்எல். முன்னால் அரிசி மூட்டை, பின்னால் ஒரு பாட்டி, பாட்டி மடியில் கோழி. கிளட்ச் கருகும் வாசனையோடு என்னைத் தாண்டியது. 1980-ல் ஓசூரில் டிவிஎஸ் 50 என்று பிறந்த வம்சம். இந்த மலையின் சாம்பியன் அதுதான், எங்கள் பதினொருவரில் யாரும் இல்லை. பாட்டி திரும்பிப் பார்த்து, "ஏம்மா, பெட்ரோலு தீந்து போச்சா?" என்றார். பதில் சொல்ல மூச்சில்லை.

அடுத்த இரண்டு வளைவில் என்னைத் தாண்டிப் போன இருவரும் இருந்தார்கள். ஒருவர் தள்ளிக்கொண்டு, இன்னொருவர் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து. தள்ளுவது கேவலம் இல்லை. 1910-ல் டூர் டி பிரான்ஸ் முதல்முறையாக பிரனீஸ் மலையின் டூர்மலே கணவாய்க்குப் போனபோது முதலில் உச்சியைத் தாண்டிய ஆக்டேவ் லாபீஸும் இடையிடையே இறங்கித் தள்ளித்தான் போனார், அந்த வருடம் பட்டமும் அவருக்கே. இதை அவர்களிடம் சொல்லியிருக்கலாம். மூச்சு இல்லாததால் அவர்கள் தப்பித்தார்கள்.

சில்வர் ஓக் மரங்கள் வந்ததும் மேடு தணிந்தது. மிளகுக் கொடி, காபிச் செடி, பனி. கியர் ஒன்று மாற்றினேன், இன்னொன்றும். கடைசி அரை கிலோமீட்டர் எழுந்து நின்று மிதித்தேன், எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. 51 நிமிடம் 40 விநாடி. காலைத் தரையில் ஊன்றவில்லை. பதினொருவரில் ஏழாவது.

தம்பி 39 நிமிடம், இரண்டாவது இடம். "அக்கா, நீங்க வர்றதுக்குள்ள ரெண்டு காபி குடிச்சிட்டேன்" என்றான். மலைக்காரர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் போட்டுக் கொடுத்த கருப்புக் காபி, இங்கேயே விளைந்து இங்கேயே வறுத்தது. வெல்லம் போட்டது. கால் கிலோ மிளகும் வாங்கினேன்.

சேலத்துக்காரர் என்னிடம், "மேடம், நல்ல பேஸிங். எப்படி ட்ரெய்ன் பண்ணீங்க?" என்று கேட்டார். மூன்று நாள் காற்றிலும் காட்டிலும் அலைந்து காலைக் கெடுத்துக்கொண்டு வந்தேன் என்று சொல்லப் பார்த்தேன், அதைக் கேட்டு அவரும் செய்துவிடுவாரோ என்று விட்டுவிட்டேன்.

இறக்கத்தில் மூன்று இடத்தில் நிறுத்தினேன். கையுறையைக் கழற்றி ரிம்மைத் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல். ஆற விட்டு, தண்ணீர் குடித்து, திரும்ப. வளைவுக்கு முன்பே பிடித்து, வளைவில் விட்டு. நாலு வளைவில்தான் அப்படிச் செய்தேன், மற்றவற்றில் பழையபடி கவ்வினேன். பின் பிரேக் கட்டை கோடு வரை தேய்ந்துவிட்டது. தம்பி கீழே இருபது நிமிடம் காத்திருந்தான்.

நாளை எட்டு மணிக்குக் கடை. மேல் ஷெல்ஃபில் இருக்கும் மருந்துக்கு ஸ்டூலில் ஏற வேண்டும். அதெல்லாம் வேண்டுபவர்கள் செவ்வாய்க்கிழமை வரவும்.